பூச்சியுண்ணும் நீர்ச்செடித் தொட்டியில் பாசி: தண்ணீரைப் பட்டினி போடுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் 60 லிட்டர் சிமெண்ட் தொட்டி. அடியில் மண்புழு உரம் கலந்த மண், அதன்மேல் போர்வெல் தண்ணீர். அதில் சின்னப் பைகளால் இரை பிடிக்கும் யூட்ரிகுலேரியா ஆரியா, யூட்ரிகுலேரியா கிப்பா, கூடவே ஆசைப்பட்டு வாங்கிய, இலையால் இரை பிடிக்கும் அல்ட்ரோவாண்டா. இரண்டே மாதத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது, செடிகளை நூல்பாசி சுற்றிக்கொண்டது. மீன் கடையில் பாசிமருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்ற மனம் வரவில்லை, இயற்கையாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊற்றாமல் விட்டது மிகவும் நல்லது. கடைகளில் கிடைக்கும் பாசிமருந்துகளில் பல தாமிரம் கலந்தவை. டாஃப்னியா, மோய்னா போன்ற நீர்த்தெள்ளுகள் மிகக் குறைந்த தாமிரத்துக்கே செத்துப்போகும். உங்கள் செடிகளுக்கு அவைதான் சாப்பாடு. மருந்தில் பாசி செத்தாலும் அது தின்று வைத்த சத்து முழுவதும் அதே தண்ணீரில்தான் கரையும். அடுத்த பாசி அதைத் தின்று வளரும்.

மருந்துக்குப் போகும் முன் இந்தச் செடிகள் ஏன் பூச்சி தின்னத் தொடங்கின என்று யோசித்துப் பாருங்கள். நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறக்குறைய இல்லாத, மழைநீர் போன்ற தண்ணீரில் வாழ்வதற்கு அவை கண்டுகொண்ட வழி அது. தண்ணீரில் கிடைக்காததைப் புழு பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. பாசிக்கு அந்த வழி கிடையாது, தண்ணீரில் கரைந்திருப்பது மட்டும்தான் அதற்கு உணவு. ஆகவே இந்தத் தொட்டியில் நம்மால் வேறெந்தத் தொட்டியிலும் முடியாத ஒரு காரியத்தைச் செய்ய முடியும். தண்ணீரைப் பட்டினி போட்டுவிட்டு, செடிக்கு மட்டும் இரை வழியாக ஊட்டலாம். சாதாரண மீன்தொட்டிச் செடிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் செய்து முடிக்கும் வழிகள்தான்.

பாஸ்பரஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கனடாவில் 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழு 226 என்ற எண்ணிட்ட ஏரியைக் குறுக்கே ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாகப் பொங்கியது. மேலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீரில் வாழும் நுண்பாசியின் உடலில் சராசரியாக 106 கரிம அணுவுக்கு 16 நைட்ரஜன் அணு, ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு. அதாவது ஒரு சிட்டிகை பாஸ்பரஸ் கிடைத்தாலே அதைவிடப் பல மடங்கு எடைக்குப் பாசியால் வளர முடியும்.

பெங்களூருக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கனடா வரை போகவேண்டியதில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் கழிவுநீரும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து என்ன ஆயிற்று என்பதை ஊரே பார்த்தது. 2015-ல் நுரை ரோட்டுக்கே வந்தது. உங்கள் தொட்டியில் மண்புழு உரம் போட்டிருப்பது சிறிய அளவில் அதே காரியம்தான். ரோஜாவுக்கும் கத்தரிக்கும் அருமையான உரம், இந்தச் செடிகளுக்கு ஆகாது. சாணம், கம்போஸ்ட், எலும்புத்தூள், கடலைப்புண்ணாக்கு எதுவுமே இங்கே வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அல்ட்ரோவாண்டா உலகம் முழுக்க அருகிவரும் செடி. ஐரோப்பியர்களின் தாவரக் குறிப்புகளில் அது முதன்முதலில் ஏறியதே நம் நாட்டிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான்: லெனார்ட் புளூக்கெனெட் 1696-ல் எழுதிய குறிப்பு அது. வங்காளத்து நீர்நிலைகளிலும் மணிப்பூரின் லோக்டக் பக்கமும் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. பல நாடுகளில் அது காணாமல் போனதற்குப் பெரிய காரணமே தண்ணீரில் உரச்சத்து ஏறி, பாசி மூடியதுதான். உங்கள் தொட்டியில் இப்போது நடப்பதும் அதுவே. அதனால் இந்தச் செடி உங்களிடம் பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அடுத்தது கரியமில வாயு. உரச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீருக்குள் வாழும் யூட்ரிகுலேரியாவும் அல்ட்ரோவாண்டாவும் ஒளிச்சேர்க்கைக்குத் தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கரைந்த கரிமத்தின் இன்னொரு வடிவம் பைகார்பனேட், கடினத் தண்ணீரில் அது நிறைய இருக்கும், அதை அவற்றால் பயன்படுத்த முடியாது. நூல்பாசிகளில் பலவற்றுக்கு அது முடியும். இனி பி.எச். கணக்கைப் பாருங்கள். தண்ணீரின் அமில, கார அளவு அது: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். 6.4 அளவில் கரைந்த கரிமத்தில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாக இருக்கும். 7.4-க்கு ஏறினால் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். 8.4-ல் நூற்றில் ஒன்று. 9.4-ல் ஆயிரத்தில் ஒன்று. பாசி நிறைந்த தொட்டியில் வெயில் ஏறிய மதிய நேரத்தில் பி.எச். 9-ஐத் தாண்டுவது சாதாரணம், ஏனென்றால் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அது ஏறிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் வெயில் இருந்தும் உங்கள் செடிக்கு மூச்சு முட்டுகிறது, பாசியோ பைகார்பனேட்டைத் தின்றுகொண்டு தொடர்ந்து வளர்கிறது. பாசி தனக்குச் சாதகமான தண்ணீரைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதை மனத்தில் வையுங்கள். ஒருமுறை அதன் கை ஓங்கிவிட்டால் தானாக இறங்காது.

உங்கள் தொட்டியைத் திரும்பப் பாருங்கள். சிமெண்ட் தொட்டி சுண்ணாம்பைக் கசியவிடும். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். இரண்டும் பி.எச்.-ஐ மேலே தூக்குகின்றன. ஆக, உரம் இல்லாமல் இருந்திருந்தாலும் இந்தத் தொட்டி பாசிக்கே சாதகமாக இருந்திருக்கும். சிமெண்ட் தொட்டியை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். அதில் அல்லி வையுங்கள், அழகாக வரும். இந்தச் செடிகளுக்குக் கறுப்பு அல்லது அடர்நிற பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். ஆழம் ஒரு அடிக்குக் குறையாமல், வாய் அகலமாக இருக்கட்டும். 60 லிட்டரைவிட 100 லிட்டர் நல்லது. தண்ணீர் கூடினால் சூடும் பி.எச்.-உம் நிதானமாக மாறும். அழகுக்காக வெள்ளைக் கூழாங்கல், மார்பிள் சில்லு, கிளிஞ்சல் எதையும் போடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் கல்லின்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. பெங்களூரில் எங்கும் கிடக்கும் கருங்கல் ஜல்லி நுரைக்காது, அதைத் தாராளமாகப் போடலாம்.

தண்ணீருக்கு வருவோம். முதலில் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். கே.ஆர்.புரம் பக்கத்துப் போர்வெல்களில் 500 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டுவது சாதாரணம், 1000-ஐத் தொடும் இடங்களும் உண்டு. அல்ட்ரோவாண்டாவுக்கு 100-ஐ ஒட்டி வைத்திருக்கப் பாருங்கள். யூட்ரிகுலேரியா ஆரியா இதைவிடக் கொஞ்சம் பொறுக்கும், நம் ஊர் வயல்களிலும் குளங்களிலும் வளர்வதுதானே. குழாயில் காவிரித் தண்ணீர் வருமானால் போர்வெல்லைவிட அது எவ்வளவோ மேல். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துக் குளோரினைப் போகவிட்டுப் பயன்படுத்தலாம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் வடிகட்டிய நீரை எடுங்கள். கழிவாக வெளியேறும் நீரைச் சிலர் வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு முன்பைவிடக் கூடுதல். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். பெங்களூருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு, செப்டம்பரிலும் அக்டோபரிலும் நன்றாகவே பெய்யும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்து சதுர மீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாகக் கட்டினால் 10 மில்லிமீட்டர் மழையில் 50 லிட்டர் சேரும். முதல் மழையின் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள், கூரையின் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். மூடியுள்ள டிரம்மில் சேர்த்து வைத்தால் கோடையில் கைகொடுக்கும். கோடையில் ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட அவ்வப்போது ஊற்றுவீர்கள். ஊற்றுவது போர்வெல் தண்ணீராக இருந்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். மார்ச்சில் சரியாக இருந்த தொட்டி மே மாதத்தில் கெட்டுப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

புறா என்றதும் நினைவுக்கு வருகிறது. அடுக்குமாடியில் தொட்டியின் விளிம்பில் புறா உட்கார்ந்தால் வாரத்துக்கு ஒரு கரண்டி உரம் போட்ட மாதிரி. தொட்டிக்கு மேலே வலை கட்டுங்கள். அதே வலை வெயிலுக்கும் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அவசர வேலை. செடியைக் காப்பாற்றுவது.

இந்தச் செடிகளுக்கு வேர் கிடையாது. நுனியில் வளர்ந்துகொண்டே போகும், வால் பக்கம் பழுத்து மடியும். அல்ட்ரோவாண்டா நல்ல நிலையில் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு சுற்று இலை விடும். அப்படி வளரும் செடியின் நுனியில் பாசி பிடிக்க நேரமே இருக்காது. பாசி சுற்றியிருப்பது பெரும்பாலும் நடுவிலும் வாலிலும்தான். ஆகவே முழுச் செடியையும் சுத்தம் செய்ய முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். யூட்ரிகுலேரியா ஆரியாவில் நுனியிலிருந்து நான்கு விரல் நீளமும், அல்ட்ரோவாண்டாவில் நுனியோடு ஐந்தாறு சுற்றும் வெட்டி எடுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் சுத்தமான மழைநீரோ ஆர்.ஓ. நீரோ விட்டு, அதில் நுனியை மெல்ல அலசுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி அலசுங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டு போனாலும் புதுத் தொட்டியில் அது பெருகும். யூட்ரிகுலேரியா கிப்பாவின் தண்டு நூல் மாதிரியே இருப்பதால் பாசியிலிருந்து பிரிப்பது கடினம். அது எங்கும் சுலபமாகக் கிடைக்கும், சுத்தமான பச்சை நுனி நாலைந்து கிடைத்தால் போதும், மற்றதை விட்டுவிடுங்கள்.

வெட்டிய நுனிகளை நேராகப் புதுத் தொட்டியில் போடாமல் பத்துப் பதினைந்து நாள் ஒரு தனி வாளியில் வைத்துப் பாருங்கள். பாசி மறுபடி தலைகாட்டினால் அந்த வாளியிலேயே எடுத்துவிடலாம். பழைய தொட்டியில் மிஞ்சியதை ரோஜா, கத்தரி போன்ற தோட்டச் செடிகளின் அடியில் உரமாகப் போட்டுவிடுங்கள், பாசி சேர்த்து வைத்த சத்து அங்கே பயன்படும். சாக்கடையிலோ ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். துண்டு தண்டிலிருந்தே வளரக்கூடிய செடிகள் இவை.

உங்கள் நூல்பாசி எந்த வகை என்று கையால் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வழுவழுவென்று நழுவினால் ஸ்பைரோகைரா மாதிரி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுச் சுற்றினால் கொத்தாகச் சுருண்டு வந்துவிடும், சத்துக் குறைந்ததும் தானே மெலியும். சொரசொரவென்று கிளைத்துச் செடியை இறுகப் பிடித்திருந்தால் கிளாடோஃபோரா வகை. கடினத் தண்ணீரை விரும்புவது அது, பிரஷ்ஷுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. கரும்பச்சையாகத் தோல் போலப் படர்ந்து, தூக்கினால் மண்வாடையோ துர்நாற்றமோ வந்தால் அது நீலப்பச்சைப்பாசி. அதைக் கையால் கலைக்காமல் ட்யூப் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். தொட்டிச் சுவரில் மெல்லியதாகப் படியும் பச்சைப் படலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதுவும் சத்தை எடுத்துக்கொள்கிறது, செடியைத் தொந்தரவு செய்வதில்லை. தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டிய அவசியம் இல்லை.

புதுத் தொட்டியை அமைக்கும்போது அடியில் போட வேண்டியது உரம் இல்லை, காய்ந்த இலை. செக் நாட்டின் திரெபோனில் உள்ள தாவரவியலாளர் லுபோமிர் அடாமெக் அல்ட்ரோவாண்டாவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் சொல்லும் வளர்ப்பு முறையின் மையமே கோரைப்புல் சருகுதான். பிளாஸ்டிக் தொட்டி, அடியில் காய்ந்த கோரை, தண்ணீர், அவ்வளவுதான். சருகு மெல்ல மெல்ல மட்கும்போது கரியமில வாயு வெளிவருகிறது. காற்றோடு மட்டும் சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் அந்த வாயு கரைந்திருக்கும். சருகு கிடக்கும் தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு சேரும். கூடவே மட்கும் இலையிலிருந்து இறங்கும் அமிலங்கள் பி.எச்.-ஐக் கீழே இழுக்கின்றன. தண்ணீர் டீ நிறமாகிறது, அந்த நிறம் வெளிச்சத்தில் ஒரு பகுதியைப் பாசிக்குப் போகாமல் தடுக்கிறது. ஒரே சருகு இத்தனை வேலை செய்கிறது.

கோரை கிடைக்காவிட்டால் பாதாம் மர இலை இருக்கிறது. நாட்டு வாதுமை என்று சொல்வோமே, அகலமான இலை சிவந்து உதிரும் மரம். பெங்களூரில் பல தெருக்களில் நிற்கிறது. தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையாகப் பொறுக்குங்கள். பச்சை இலை வேண்டாம், மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருந்த சத்தில் நல்ல பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பச்சையாகப் பறித்தால் அந்தச் சத்து உங்கள் தொட்டிக்கு வந்துவிடும். மருந்தடித்த தோட்டத்து இலையும் வேண்டாம். நன்றாகக் கழுவி, ஒரு நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 100 லிட்டருக்கு ஐந்தாறு இலை போடலாம். கோரைச் சருகானால் இரண்டு கைப்பிடி. இலை எலும்புக்கூடாக நரம்பு மட்டும் மிஞ்சும்போது புதிது சேர்த்தால் போதும். நர்சரியில் பீட் (சதுப்பில் பாதி மட்கிய தாவரத்தூள்) கிடைத்தால் ஒரு துணிப்பையில் கட்டி அடியில் போடலாம். தேங்காய் நார்த்தூள் வாங்கினால் பல தண்ணீர் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

மண் வேண்டுமென்றால் கழுவிய ஆற்றுமணலோடு கொஞ்சம் செம்மண் போதும். பெங்களூருச் செம்மண்ணில் உள்ள இரும்பு பாஸ்பரசைப் பிடித்து வைக்கும் குணமுடையது. ஆனால் தடிமனாகப் போட்டால் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போய், பிடித்ததை எல்லாம் திரும்ப விட்டுவிடும். அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

காற்றுக்குமிழி மோட்டார் போடலாமா என்று இதற்கு அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், மீன் வளர்த்தவர்கள் எல்லோரும் கேட்பது அது. வேண்டாம். சருகு சேர்த்து வைத்த கரியமில வாயுவைக் குமிழி வெளியே தள்ளிவிடும். இந்தத் தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். வைக்கோலை மட்கவைத்துப் பாசியைத் தடுக்கும் முறைக்கும் இதனால்தான் நான் இங்கே ஓட்டுப் போடமாட்டேன். இங்கிலாந்தில் பார்லி வைக்கோலைக் குளங்களில் மிதக்கவிட்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது வேலை செய்ய ஆக்சிஜன் நிறைந்த, அசையும் தண்ணீர் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வந்த பாசியை அது கொல்லாது, வரப்போவதைத்தான் தடுக்கும். அதோடு நம் கையில் கிடைக்கும் நெல் வைக்கோலில் பூச்சிமருந்து என்ன அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது.

தண்ணீரிலிருந்து சத்தை உறிஞ்ச ஒரு கூட்டாளிச் செடி கட்டாயம் வையுங்கள். என் முதல் தேர்வு கோரைதான். சிறிய சட்டியில் மணலில் நட்டு, கழுத்தளவு நீரில் நிறுத்துங்கள். நிழலும் தரும், அதன் சருகே பிறகு அடியில் போட உதவும். இரண்டாவது வள்ளைக்கீரை. ஒரு தண்டை மிதக்கவிட்டால் போதும், பசியோடு வளரும். நுனியை வாராவாரம் கிள்ளி எடுத்தால் தண்ணீரின் சத்து வெளியேறிக்கொண்டே இருக்கும். கிள்ளாமல் விட்டால் அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதால் கிள்ளுவதுதான் முக்கியம். புதுத் தொட்டியின் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு வள்ளைக்கீரை மிக உதவி, பிறகு தண்ணீர் இளைத்ததும் அதுவும் மெலிந்துவிடும். அப்படி மெலிந்தால் உங்கள் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

அசோலாவும் பாஸ்பரசை நன்றாக எடுக்கும். ஆனால் அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப்பாசி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும். அசோலா அழுகினால் அந்த நைட்ரஜன் தொட்டிக்குள் வரும். போட்டால் வாராவாரம் வாரி எடுங்கள். எந்த மிதக்கும் செடியானாலும் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது, அல்ட்ரோவாண்டா மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேதான் மிதக்கிறது, மேலே மூடினால் அதற்கு வெளிச்சம் போய்விடும். தோட்டத்து ஓஸ் பைப்பில் ஒரு துண்டு வெட்டி வளையமாக்கி மிதக்கவிட்டு, மிதக்கும் செடியை அந்த வளையத்துக்குள்ளேயே அடைத்து வைக்கலாம். ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம்.

பாசி தின்னும் உயிர்கள் பற்றி. பச்சைத் தண்ணீருக்கு மோய்னாவை மிஞ்ச எதுவும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும், அதையே யூட்ரிகுலேரியாவின் பை பிடித்துத் தின்னும். பாசியில் அடைபட்ட பாஸ்பரஸ் இந்த வழியாகத்தான் செடிக்குள் போகிறது. மீன் வளர்ப்பவர்களிடம் மோய்னா கிடைக்கும். தனி வாளியில் பச்சைத் தண்ணீரில் வளர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சுத்த நீரில் அலசிவிட்டு மோய்னாவை மட்டும் தொட்டியில் விடுங்கள். வளர்த்த வாளியின் தண்ணீர் ஒரு சொட்டும் வரவேண்டாம், சத்து முழுக்க அதில்தான் இருக்கும். வாரம் ஒருமுறை, தண்ணீரில் ஆங்காங்கே துள்ளும் அளவுக்குப் போதும். அளவுக்கு மீறி விட்டால் செத்து அழுகும். ஈஸ்ட், முட்டை மஞ்சள் கரு, மீன் தீனி எதையும் தொட்டியில் தூவாதீர்கள்.

யூட்ரிகுலேரியாவே பாசியைத் தின்னாதா என்று ஒரு கேள்வி எழும். ஓரளவு தின்னும். அந்தப் பை உள்ளேயிருக்கும் நீரை வெளியேற்றி இறுக்கமாகக் காத்திருந்து, தொட்டதும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இழுத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே இடையிடையே தானாகவும் இழுக்கும். அப்போது ஒற்றைச் செல் பாசிகள் உள்ளே போகின்றன. ஐரோப்பாவில் மென்மையான அமிலநீர்க் குட்டைகளில் ஆராய்ந்தவர்கள் பைகளுக்குள் நிறையப் பாசி கண்டிருக்கிறார்கள். ஆனால் பெருகும் வேகத்துக்கு அது ஈடாகாது, நூல்பாசியின் நீண்ட இழை அந்த வாயில் நுழையவும் முடியாது.

மீன் வேண்டாம், கப்பி உட்பட. செடிக்குரிய இரையைத் தின்றுவிட்டுத் தண்ணீரில் உரம் போடும். ராம்ஸ்ஹார்ன் நத்தை, செர்ரி இறால் இரண்டையும் பலர் சிபாரிசு செய்கிறார்கள். யூட்ரிகுலேரியா மட்டும் உள்ள தொட்டியில் சில இறால் இருந்தால் தவறில்லை. அல்ட்ரோவாண்டா இருக்கும் தொட்டியில் நத்தை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மென்மையான அமிலத் தண்ணீரில் நத்தையின் ஓடும் நன்றாக இருக்காது. பெரிய ஆப்பிள் நத்தை செடியையே மேய்ந்துவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை, பெங்களூரின் காலை வெயில் இவற்றுக்கு அருமை. கிழக்குப் பார்த்த இடமானால் நான்கைந்து மணி நேர நேரடி வெயில் போதும். மொட்டைமாடியில் நாள் முழுக்க அடிக்கும் என்றால் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள், மார்ச் முதல் மே வரை கட்டாயம். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசியைக் கொல்லத் தொட்டியை இருட்டில் மூடி வைக்கும் முறை ஒன்று உண்டு, அதைச் செடி உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். பாசியைவிட அல்ட்ரோவாண்டா முதலில் தளரும்.

எவ்வளவு நாளாகும்? மழைநீரும் சருகுமாகப் புதுத் தொட்டி வைத்தால் முதல் மாதத்தில் கொஞ்சம் பச்சை தட்டும், சருகிலிருந்து இறங்கும் சத்து அது. பயந்து தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடாதீர்கள், மோய்னா விடுங்கள். நூல்பாசி தெரிந்தால் வாரம் இருமுறை பிரஷ்ஷால் சுற்றி எடுங்கள். காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் பி.எச். பார்த்து எழுதி வாருங்கள், மீன் கடையில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தே போதும். மதியம் 7-க்குள் நின்றால் செடியின் கை ஓங்கியிருக்கிறது. 8-ஐத் தாண்டினால் இலை கூட்டுங்கள், நிழல் கூட்டுங்கள், கால்பங்கு தண்ணீரை மழைநீரால் மாற்றுங்கள்.

கடைசியாகக் கொசு. மீன் இல்லாத திறந்த தண்ணீர் என்பதால் பெங்களூரின் டெங்கு காலத்தில் இதை அசட்டையாக விடக்கூடாது. யூட்ரிகுலேரியா சின்னப் புழுக்களைப் பிடிக்கும், ஆனால் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாக்டீரியா மருந்து, 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டது, கொசுப்புழுவைக் கொல்லும், சொன்ன அளவில் போட்டால் நீர்த்தெள்ளையும் செடியையும் ஒன்றும் செய்யாது. பொட்டலத்தில் உள்ள அளவைத் தொட்டியின் லிட்டருக்கு ஏற்பக் குறைத்துப் போடுங்கள். மழைநீர் டிரம்முக்குக் கொசு நுழையாத வலை மூடியே போதும்.